இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க

மார்ச் 2, திங்கள்

சம்பந்தி என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஜன்னல் வழியாக, என் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சமையலறை மேசையில் உப்பு ஜாடிக்கும் பேத்தியின் பென்சில் டப்பாவுக்கும் நடுவே நோட்டை விரித்து இதை எழுதுகிறேன். இந்த இரண்டு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபது தாண்டி எழுதக் கற்றவனுக்கு டீயும் சூடாக வேண்டுமென்றால் எப்படி?

நான் ரோடு ரோலர் ஓட்டினவன். இதற்கும் அதே நடைதான். முன்னால் போகிறேன், பின்னால் வருகிறேன், எழுத்து நன்றாக அழுந்தி உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்து மாடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பேத்தியைக் கொண்டுவிடப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. இப்போது என்னால் எதை வேண்டுமானாலும் எழுத முடியும். வாயால் சொல்ல முடியாததைக்கூட. அதுதான் இதில் பெரிய சுகம்.

சம்பந்தி என்றால் மாப்பிள்ளையின் அப்பா. மகனைப் பார்த்துவிட்டுப் போக விருந்தாளி விசாவில் வந்தவர். என் அறையை அவருக்குக் கொடுத்தது யார்? நான்தான். அவர் வந்து இறங்கிய அன்று இந்த வாய்தான் சொன்னது, "என் ரூம்லயே தங்கிக்கங்க சம்பந்தி, எனக்கு ஹால்தான் வசதி." அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். நான் மறுபடியும் விடவில்லை. ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவன் அன்றிலிருந்து சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறேன்.

எல்லாம் மரியாதை.

மார்ச் 3, செவ்வாய்

சம்பந்தி ஒரு கல்யாண மண்டபத்தில் காலமெல்லாம் மேனேஜராக இருந்தவர். வருகிறவர்களை வரவேற்று, உட்கார வைத்து, சாப்பிட வைத்து, அனுப்பி வைத்துப் பழகிய உடம்பு. மண்டபத்தை விட்டு வந்துவிட்டார். மண்டபம் அவரை விட்டு வரவில்லை.

இன்று காலை நடைக்குக் கிளம்பினோம். லிப்ட் வந்தது. "நீங்க ஏறுங்க" என்றார். "நீங்க முதல்ல" என்றேன். "அதெப்படி, நீங்க மூத்தவரு." "நீங்க விருந்தாளி." கதவு மூடிக்கொண்டு லிப்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது அதில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் அப்போதும் நின்றுகொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டு. கடைசியில் படியில் இறங்கினோம். படியிலும் அதே கதை.

அவர் குறைந்தபட்சம் இதற்குச் சம்பளம் வாங்கினவர். எனக்கென்ன கேடு?

மார்ச் 5, வியாழன்

இன்று சாப்பாட்டு மேசையில் ஒரு காரியம் நடந்தது. மெதுவாக, ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

சம்பந்தி தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்: "விசா முடியப்போகுது. அடுத்த மாசம் இந்நேரம் நான் அங்க இருப்பேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஆட்களிடம் ஒருவர் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவர் சும்மா இருக்க முடியாதே. என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன மாமா அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றாள். மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும், "ஆமாப்பா, நீட்டிக்கலாம், இப்பல்லாம் ஈசிதான்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன்? "சம்பந்தி போயிட்டா வீடே வெறிச்சுன்னு ஆயிடும்."

சம்பந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு பேர் ஆசையா சொல்றப்ப எப்படி மறுக்கிறது?"

நான் மூன்று முகத்தையும் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு துளி சந்தோஷம் இல்லை. அவர் முகத்தில் எல்லாரையும்விடக் குறைவு.

மார்ச் 6, வெள்ளி

மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே: "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்பா. அவர் உடனே ஒத்துக்குவாருன்னு யாரு கண்டா?"

மாப்பிள்ளை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே: "மாமா, நான் ஒண்ணும் சொல்லல. உங்க பொண்ணுக்குத்தான் அப்பாவை அனுப்ப மனசில்ல. நான் எப்படிக் குறுக்க நிக்கிறது?"

இவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாதா? கூடாதாம். மாமனாரைப் போகச் சொன்ன மருமகள் என்று பேர் வந்துவிடும் அவளுக்கு. பெற்ற அப்பனைத் துரத்தினவன் என்று பேர் வந்துவிடும் அவருக்கு. பேர் காப்பாற்றுகிறார்கள். நல்ல ஜோடி.

நான் சொல்லலாமே என்றால், நானே மகள் வீட்டில் குந்தியிருக்கிறவன். மாப்பிள்ளையின் அப்பாவைக் கிளம்பச் சொல்ல எனக்கு வாய் ஏது?

மார்ச் 7, சனி

வகுப்பு. டீச்சரம்மா கேட்டார், "ஐயா, தினமும் எழுதுறீங்களா?" எழுதுகிறேன் என்றேன். "என்ன எழுதுறீங்க?" "திட்டுறேன்." "யாரை?" "வீட்டுல இருக்கிற எல்லாரையும்." சிரித்துவிட்டு, "திட்டும்போதுதான் எழுத்து வேகமா வரும், விடாதீங்க" என்றார். நல்ல டீச்சர்.

மார்ச் 9, திங்கள்

விசா நீட்டிக்கும் ஏஜெண்டிடம் போனோம். போட்டோ எடுப்பது, நகல் எடுப்பது, போன் ரிப்பேர், விசா எல்லாம் ஒரே கடையில். நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி. ஏஜெண்டு நம் பாஷை பேசுகிற ஆள்தான். சம்பந்தியைப் பார்த்துக் கேட்டார்: "எதுக்காக நீட்டிக்கணும்? காரணம் எழுதணும்."

சம்பந்தி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்டிக் செடியைப் பார்த்தேன்.

"உடம்பு சரியில்லன்னு போட்டுடவா?" என்றார் ஏஜெண்டு.

"உங்களுக்கு எது வசதியோ அப்படியே போடுங்க" என்றார் சம்பந்தி. தன் உடம்பைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார் மனிதர்.

கடைசியில் 'குடும்பத்தாரின் மிகுந்த விருப்பத்தின் பேரில்' என்று போட முடிவானது. மிகுந்த விருப்பம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். ஏஜெண்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். அடுத்த வாரம் புதன், பதினெட்டாம் தேதி, மனுவோடு பாஸ்போர்ட்டையும் உள்ளே கொடுத்துவிட வேண்டும். பதில் வரும்வரை அது திரும்பக் கையில் கிடைக்காது. சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகிறதாம். "அதுவரைக்கும் ஊருக்குப் போக முடியாது, பரவாயில்லையா பெரியவரே?"

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் சம்பந்தி. இரண்டாவது பரவாயில்லைக்குக் குரல் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஹாலில் படுப்பதில் ஒரு லாபம். பால்கனியில் பேசுவது எல்லாம் காதில் விழும். விடிந்ததும் சம்பந்தி அங்கே நின்று மனைவிக்குப் போன் செய்கிறார். ஸ்பீக்கரில்தான் பேசுகிறார். கதவு மூடியிருந்தால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு.

இதுவரை போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். இன்று மூடவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதையேதான். புரை முத்திப்போச்சு, இதுக்கு மேல தள்ளிப் போட்டா ஆபரேஷன் பண்றதே கஷ்டமாயிடும்னாரு. ஒரு கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. இன்னொண்ணு புகை மாதிரி."

"பண்ணிக்கயேன். பெரியவ கூட இருப்பாளே."

"நீங்க வந்தப்புறம் பண்ணிக்கிறேன்."

"அப்ப நான் வந்துடறேன்."

"வேண்டாங்க. மருமக அவ்வளவு ஆசையா இருக்கச் சொல்றா. இப்பக் கிளம்பினா அவ மனசு நோகும். பசங்ககிட்ட கண்ணைப் பத்தி வாயத் திறக்காதீங்க, பயந்துடுவாங்க. நேத்து அடுப்புல கை லேசா பட்டுடுச்சு, அவ்வளவுதான். நீங்க நிம்மதியா இருந்துட்டு வாங்க."

"சரி, நீ சொல்ற மாதிரியே."

ரெண்டும் எவ்வளவு மரியாதையான குருடுங்க பாருங்க. ஒண்ணுக்குக் கண்ணு தெரியல, இன்னொண்ணுக்கு வாய் தெரியல. அவர் போகாமல் அந்த அம்மா ஆபரேஷன் மேசையில் படுக்க மாட்டாள். அவள் வா என்று சொல்லாமல் இவர் கிளம்ப மாட்டார். இவர்கள் நடுவில் அடுத்த புதன்கிழமை பாஸ்போர்ட் போய்விடும்.

என் மகள் ஒரு பேச்சுக்குச் சொன்ன வார்த்தைக்கு ஒரு பொம்பளையின் கண்ணா?

மார்ச் 11, புதன்

நேராகவே பார்த்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். "சம்பந்தியம்மாவுக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கே." எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியுமா? "ஒரு தோணல்தான்" என்றேன்.

மாலையில் எல்லாரும் இருக்கும்போது அவள் சம்பந்தியிடம் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வயசான கண்ணு" என்றார். இவள் விடாமல் வீடியோவில் கூப்பிட்டாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

திரையில் அந்த அம்மா வந்தார். கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். கையில் வெள்ளையாக ஒரு கட்டு, அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "நல்லாத் தெரியுதேம்மா. இந்தப் பச்சை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு."

என் மகள் போட்டிருந்தது கருநீலம்.

"தேங்க்ஸ் அத்தை" என்றாள் என் மகள்.

போனை வைத்த பிறகு மாப்பிள்ளை சொன்னார், "வீடியோவுல கலர் மாறித் தெரியும்." பேத்திகூட அவரை ஒரு மாதிரி பார்த்தாள். சம்பந்தி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

கருநீலத்தைப் பச்சை என்கிறவளுக்கு நன்றி சொல்கிற குடும்பம் இது. இவர்களிடம் நேராகப் போனால் எங்கேயும் போய்ச் சேராது.

மார்ச் 12, வியாழன்

எரிச்சல். இன்று எழுத ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சல் என்ற வார்த்தையைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நடைக்குப் போனபோது ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அங்க இன்னும் வெயில் ஏறியிருக்காதே சம்பந்தி. போக நல்ல நேரம்." "ஆமா, நீங்களும் ஒரு தடவை வந்து தங்கணும்" என்றார். "தனியா இருக்கிற பொம்பளைக்குத் துணை வேணுமே." "பெரிய பொண்ணு பக்கத்துலதான் இருக்கா, நீங்க அக்கறையா கேட்டதே போதும்." எந்தப் பந்தைப் போட்டாலும் பூமாலையாகத் திருப்பித் தருகிறார்.

பூங்காவில் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பேசாமல் இருந்ததால் அவர் மண்டபத்துக் கதையை ஆரம்பித்தார். அவருக்கு அதை விட்டால் வேறு கதை கிடையாது. சம்பந்தி சண்டைகள். முன்வரிசை நாற்காலி கிடைக்கவில்லை என்று ஒரு கோஷ்டி. பத்திரிகையில் பேர் விட்டுப்போச்சு என்று ஒரு கோஷ்டி. காபி ஆறிப்போய் வந்தது என்று கிளம்பிப்போனவர்கள்.

"எல்லாத்தையும் நான் சமாதானம் பண்ணிடுவேன் சம்பந்தி. வண்டியில ஏறி உக்காந்தவங்களைக்கூட இறக்கிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"யாரையுமே விட்டதில்லையா?"

அவர் கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை. பொண்ணோட சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைப் பார்த்து, 'நீங்க முதல் பந்தியிலயே சாப்பிட்டீங்களே, மறுபடியுமா'ன்னு கேட்டுட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ரெண்டு பஸ் ஆளுங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டாங்க. தின்னதைச் சொல்லிக்காட்டினா தீர்த்துவைக்கிற ஆள் இன்னும் பிறக்கலை. அப்புறம் அவங்க கிளம்பிப் போறதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது பாருங்க. கோவிச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு எந்தப் பேரும் கெடாது."

வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்கு அதே யோசனைதான். சொல்லிக்கொண்டு போனால் மருமகளுக்கு மனசு நோகும். தங்கினால் மனைவிக்குக் கண் போகும். கோபித்துக்கொண்டு போனால்?

மார்ச் 14, சனி

வகுப்புக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று டீச்சரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் இருந்து சம்பந்தியை அவமானப்படுத்த ஆரம்பித்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தேன். "நல்லவேளை, எனக்கும் கண்ணு வலிச்சுது" என்றார். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றேன். வெளியே வந்தபோது கையில் துண்டை நீட்டினார். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். "உங்க குரலுக்கு அது வேண்டாமே" என்றேன். "என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்லுவா" என்று சிரித்தார்.

இந்த மனுஷன் மேல ரோலர ஏத்தினாலும், "எனக்கு வலிக்கல, நீங்க பாத்துப் போங்க"ன்னுதான் சொல்லுவான்.

மார்ச் 15, ஞாயிறு

நாற்காலி, பேர், காபி என்ற வழிகளில் இவரைக் கிளப்ப முடியாது. அதற்கெல்லாம் அவரிடம் மருந்து இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அதை என்னால் சொல்ல முடியுமா? சோறு போட்டுச் சொல்லிக்காட்டுகிறவனை மனிதன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானே சொல்ல மாட்டேன். அதுவும் போடுகிற சோறு என்னுடையதாக இருந்தாலாவது சரி.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேசை. எல்லாரும் இருந்தோம். மகள் சம்பந்தியின் தட்டுப் பக்கம் கரண்டியைக் கொண்டுபோனாள். "இன்னும் கொஞ்சம் மாமா." "வேண்டாம்மா, போதும்." "கொஞ்சமா." "அட, போதும்னா..." அவள் போட்டாள். தினமும் நடக்கிற நாடகம். நான் சொன்னேன்:

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே மூணு தடவை வாங்கித் திங்கிறதும் ஒரு திறமைதான். நானும் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது. மகளின் கரண்டி காற்றில் நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், முகத்தில் ஒன்றுமே இல்லாமல். பேத்தி மெல்வதை நிறுத்திவிட்டாள்.

சம்பந்தி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளே ஒரு பயம். இதற்கும் சிரித்து, "நல்லாச் சொன்னீங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று. கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவினார். துடைத்தார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"சம்பந்தி, நான் இங்க சாப்பிட்டது என் பையன் வீட்டுச் சோறு. நீங்க சாப்பிடறதும் அதேதான்."

சுருக்கென்று ஏறியது. எத்தனை கல்யாணம் பார்த்த மனிதர், குத்த வேண்டிய இடம் தெரிகிறது. என் காது சூடானது. பதில் சொல்லக் கூடாது என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு நாளைக்கே டிக்கெட் போடு" என்றார் மகனிடம். அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். என் கதவை.

மார்ச் 17, செவ்வாய்

சம்பந்திக்குக் கோபித்துக்கொள்ளத் தெரியாது என்று நினைத்தவன் முட்டாள்.

பெட்டியைத் தானே கட்டினார். யாரையும் தொட விடவில்லை. வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கீழே கடைக்குப் போய்ப் பாட்டில் வாங்கி வந்தார், அதையும் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேசையில் வைத்தார். பிறகு பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, அதன் மேலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். சோபா காலியாக இருந்தது. இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. இது தொழில் தெரிந்தவனின் கோபம்.

மாப்பிள்ளை கெஞ்சினார். "அப்பா, பெரியவரு ஏதோ தெரியாம சொல்லிட்டாரு."

"தெரியாமச் சொன்னாருன்னு அவரையே சொல்லச் சொல்லு."

அது எனக்கு. என் மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் வீங்கியிருந்தது.

"ஒரு வார்த்தைப்பா. மன்னிச்சுடுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா அவர் இருந்துடுவாரு."

அதுதானே அம்மா பிரச்சினை. மன்னிச்சுடுங்க என்று நான் சொன்னால் அவர் பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பாஸ்போர்ட் உள்ளே போய்விடும்.

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்றேன்.

என் மகள் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. "அம்மா இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பீங்களா?" என்று கேட்டாள். அதற்கு அப்புறம் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கை அரிக்கிறது. சொன்னால்? மாப்பிள்ளை அப்பாவிடம் கேட்பார். அவர் "சேச்சே, கண்ணெல்லாம் நல்லா இருக்கு" என்பார். பெட்டி மறுபடியும் என் அறைக்குப் போகும். எல்லாரும் நல்லவர்களாகிவிடுவோம்.

வேண்டாம். நான் கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 18, புதன்

சம்பந்தி போய்விட்டார்.

வாசலில் என் மகள் அழுதாள். அவள் தலையில் கை வைத்து, "உன் மேல ஒண்ணும் இல்லம்மா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. லிப்ட் வந்தது. யாருக்கும் கையைக் காட்டாமல் நேராக உள்ளே போய் நின்றார்.

ஏஜெண்டு போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டார். நான்தான் எடுத்தேன். "குடும்பத்தாருக்கு விருப்பம் குறைஞ்சுபோச்சு" என்றேன்.

மார்ச் 21, சனி

வகுப்பு. டீச்சரம்மா ஜலதோஷம் சரியாகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது என்றேன். வீட்டில் பேசுகிறவர்கள் யாருமில்லாததால் அவரிடம் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன் போலிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார்.

மார்ச் 24, செவ்வாய்

என் அறை, என் நாற்காலி, என் ஜன்னல். கால் நீட்டித் தூங்குகிறேன். மகள் தட்டில் சோறு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்னும் வேண்டுமா என்று கேட்பதில்லை. கேட்கவும் முடியாதே, பாவம். நான் சொன்ன வார்த்தை இந்த மேசையின் மேல் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கதையைச் சம்பந்தி எனக்கு எதற்காகச் சொன்னார்? சும்மா பேச்சுக்கா? இல்லை... அப்படி இருக்காது. அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் வாயைத் திறந்து நான் கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்க மாட்டாரா?

ஆனால் புல்லைப் பார்த்துக்கொண்டு ஏன் அவ்வளவு நேரம் யோசித்தார்?

ஏப்ரல் 4, சனி

மாப்பிள்ளை என் அறை வாசலில் வந்து நின்று போனை நீட்டினார். "அம்மாவுக்கு உங்ககிட்ட பேசணுமாம்." அன்றைக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சு. நேத்துதான் கட்டுப் பிரிச்சாங்க. சுவத்துல அழுக்கு எல்லாம் தெரியுது. இத்தனை நாளா இந்த வீட்டுலயா இருந்தேன்னு ஆயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா."

"நீங்க அவரை அப்படிச் சொன்னது ரொம்பத் தப்பு."

"ஆமாம்மா, தப்புத்தான்."

"அவருக்கு இன்னும் கோபம் ஆறல." குரலைத் தாழ்த்தினார். "ஆற வேண்டாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். ஆறிப்போச்சுன்னா பசங்க மறுபடியும் கூப்பிடுவாங்க. அப்புறம் எப்படிண்ணா மறுக்கிறது?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். "என்ன சொன்னாங்க?" என்றார் மாப்பிள்ளை. "கோபம் ஆறலையாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது மாப்பிள்ளைக்கே இன்று இந்தப் போனில்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் மனசு நோகுமாம். எனக்கு இந்த வம்சத்தைப் பற்றி எழுத இந்த நோட்டு போதாது.

ஆனால் இன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். அதனால் இங்கே எழுதுகிறேன்: சுவரில் அழுக்குத் தெரிகிறதாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பரவாயில்லை, ஒருவழியாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை, "நாங்க யோசிச்சோம். அப்பா மனசுல அது அப்படியே நிக்குது. போன்ல சொல்லித் தீர்ற விஷயம் இல்ல. நீங்க ஒரு தடவை நேர்ல போய் அவரைப் பார்த்துட்டா நல்லா இருக்கும்."

"மன்னிப்புக் கேக்கவா?"

"சேச்சே. சும்மா பாத்துட்டு, கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு... உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும். டிக்கெட் நானே பாத்துடறேன்."

மகள் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி மாப்பிள்ளை. திரும்பி வர்ற டிக்கெட் என்னைக்கு?"

"அதை அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா. ஒரு அவசரமும் இல்ல. உங்களுக்கு எத்தனை நாள் இருக்கணும்னு தோணுதோ, இருங்க."

குரலில் ஒரு சின்ன முள்கூட இல்லை. நான் உற்றுக் கேட்டேன். எங்கேயும் இல்லை.

ஏப்ரல் 25, சனி

வகுப்புக்குப் போய் டீச்சரம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டார். இந்த ஊரில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள்.

மாலையில் மகள் என் பெட்டியை அடுக்கினாள். சட்டைகள், மாத்திரை, புது நோட்டு இரண்டு. என் கனத்த குளிர்க் கோட்டைக் கையில் எடுத்தாள். "இது அங்க எதுக்குப்பா? இங்கயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை அலமாரியில் மாட்டினாள். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் தோளைச் சரிசெய்துகொண்டே நின்றாள். அடுத்த குளிருக்கு அது எனக்கு இங்கேதான் வேண்டும்.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"கோட்டை ஏன் விட்டுட்ட? பிளைட்டுல குளிரும்ல மாமாவுக்கு."

அவரே உள்ளே வந்து அலமாரியிலிருந்து எடுத்தார். கட்டிலில் விரித்தார். பொத்தானையெல்லாம் போட்டார். இரண்டு கையையும் உள்பக்கமாக மடித்து, சுருக்கம் விழாமல் தடவிவிட்டு, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மிகுந்த மரியாதையோடு வைத்தார்.